வெஸ்லிக்குக் கேட்காத விசில்

1. பாட்டுப் பிடிக்காதவள்

"உங்களுக்குப் பாட்டுக் கேட்கப் பிடிக்குமா?" என்று நேர்முகத்தில் கேட்டார்கள். பொய் சொல்ல வாய் வரவில்லை. "பெரிசா இல்லை" என்றேன். அன்றைக்கே வேலை தந்தார்கள்.

இது நடந்து பன்னிரண்டு வருடமாகிறது. ரொறன்ரோவின் கிழக்கு விளிம்பில், ஸ்காபரோவில், கார் திருத்தும் கராஜ்களுக்கும் கேற்றரிங் சமையலறைகளுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் தொழிற்சாலை. உள்ளே இசைத்தட்டு அச்சடிக்கிறோம். கறுப்புத் தட்டு, நடுவில் ஓட்டை, ஊசி வைத்தால் பாடும் அதே பழைய சாமான். செத்துப்போச்சு என்று எல்லோரும் கைகழுவிய பிறகு எழும்பி நின்று, இன்றைக்கு மூன்று ஷிஃப்ட் ஓடுகிறது.

அதற்கு முன்னர் எட்டு வருடம், வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸுக்குக் காற்றூதும் மோட்டர் செய்யும் இடத்தில் நின்றேன். லைனில் வரும் ஒவ்வொரு மோட்டரையும் ஓடவிட்டுக் காதைக் கொடுக்க வேண்டும். பெயரிங் தேய்ந்தால் ஒரு சத்தம், இறுகினால் வேறொன்று, தூசி போயிருந்தால் இன்னொன்று. அந்தக் காதைத்தான் இவர்களும் விலைக்கு வாங்கினார்கள். பாட்டுப் பைத்தியங்களை வைத்து அலுத்துப்போயிருந்தார்கள் போல. பாட்டுப் பைத்தியம் பாட்டைக் கேட்கும். எங்களுக்கு வேண்டியது பாட்டைத் தவிர மற்றதெல்லாவற்றையும் கேட்கிற ஆள்.

வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிளாஸ்ரிக் மணிகளை உருக்கி, ரொட்டிக்கு மா உருட்டினதுபோல ஒரு கட்டியாக்கி, இரண்டு உலோக அச்சுத் தகடுகளுக்கு நடுவில் வைத்து பிரஸ் நசுக்கும். கொதிநீராவி, பிறகு குளிர்நீர், பிறகு விளிம்பு வெட்டு. அரை நிமிடத்தில் ஒரு தட்டு. ஐம்பதுக்கு ஒன்று என் அறைக்கு வரும். நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்காருவேன். டிக் என்றால் எழுதுவேன். உஸ் என்றால் எழுதுவேன். சுருதி ஆடினால் ஓட்டை நடுவில் விழவில்லை என்று எழுதுவேன். ஆயிரக்கணக்கான பாட்டுகளை நான் அப்படித்தான் கடந்தேன். ஒரு குறைக்கும் அடுத்த குறைக்கும் இடையில் கிடந்த வெளிக்குப் பெயர்தான் எனக்குப் பாட்டு.

எங்கள் தொழிலில் அசையாத வழக்கம் ஒன்று உண்டு. முழு ஓட்டம் தொடங்கமுன் வெள்ளை லேபலோடு சில தட்டுகள் அடித்து வாடிக்கையாளருக்கு அனுப்புவோம். அதற்கு ரெஸ்ற் பிரெஸ்ஸிங் என்று பெயர். அவர் கேட்டுப் பார்த்து, சரியென்றால் அப்ரூவல் ஃபோமில் ஒப்பம் வைத்து அனுப்புவார். ஒப்பம் வந்துவிட்டால் பிறகு நாங்கள் ஒன்றையும் தொடமாட்டோம். பழி பாவம் எல்லாம் அவருடையது.

2. ஏழு தட்டுகள்

போன வருடம், பனி உருகத் தொடங்கிய நாட்களில், ரின் லாடர்ஸ் என்ற அமெரிக்க றொக் குழுவின் ஏழு அல்பங்களையும் ஒரே பெட்டியாகப் போடும் வேலை வந்தது. அவ்வளவு பெரிய வேலை எங்களுக்கு அதற்கு முன் வந்ததில்லை.

எங்கள் நகரத்து ஏரிக்கு அந்தப் பக்கம், உருக்காலை மூடிப்போன ஒரு நகரத்தில் தொடங்கிய குழு அது. பாட்டும் கிற்றாரும் வெஸ்லி. ட்ரம் ஹாங்க். மற்றவர்கள் வந்தார்கள், போனார்கள். இவர்கள் இருவரும்தான் குழு. ஏழு அட்டைகளின் பின்பக்கத்திலும் ஒரு வரி மாறாமல் இருக்கும்: மிக்ஸ் செய்தது வெஸ்லி. எந்தக் கருவி எவ்வளவு கேட்க வேண்டும், எது முன்னால், எது பின்னால் என்று தீர்மானித்தது ஆரம்பம் முதல் கடைசி வரை அந்த ஒரு சோடிக் காதுதான்.

முதல் அல்பத்தை மூடிய ரயர் கடை ஒன்றுக்குள் வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். தகரக் கூரை. இரண்டாவது பாட்டில் மழை பிடிக்கிறது, அவர்கள் நிறுத்தவில்லை. இரண்டாவது அல்பத்தில் கையில் கொஞ்சம் காசு வந்து எதிரொலி மெஷின் வாங்கிவிட்டார்கள் என்பது தெரியும். எல்லாப் பாட்டும் கிணற்றுக்குள் இருந்து வருகிறது. மூன்றாவது, 'ஹண்ட்ரட் விண்டோஸ்'. அமெரிக்கா முழுக்கப் பாடித் திரிந்த அல்பம். ஹாங்க்கின் ட்ரம் பாட்டுக்கு முன்னமே வந்து கதவை உதைத்துத் திறக்கும். நான்காவது, 'சிக்ஸ் பக்கெற்ஸ்'. ஊர் ஊராக அலைந்து களைத்து வந்த மனிதர்களின் அல்பம். ஒழுகும் வீடொன்றில் ஆறு வாளிகளை வைத்துவிட்டு அவற்றுக்கு நடுவில் இருந்து பாடுகிறார்கள். பி பக்கத்தின் மூன்றாவது பாட்டில் ட்ரம்கூட இல்லை. வெஸ்லியின் குரலும் ஒரு கிற்றாரும் மட்டும்.

ஐந்தாவதில் ஏதோ நடக்கிறது. பாட்டு நல்ல பாட்டுத்தான், ஆனால் சத்தம் கூர்மையாகிறது. ரசிகர்கள் அதைக் கண்ணாடிக் காலம் என்று கொண்டாடுகிறார்களாம், உடைந்த கண்ணாடிபோல ஒலிப்பதால். அந்த அல்பம் முடிந்த கையோடு ஹாங்க் போய்விட்டார். ஏன் என்று இருவரும் யாருக்கும் சொல்லவில்லை. ஆறாவதில் ட்ரம் அடித்தது மெஷின். வாங்கியவர்கள் குறைவு. நெடுங்கால மௌனத்துக்குப் பிறகு ஏழாவது, புது இளைஞர்களோடு. அதே கூர்மை.

ரசிகர்கள் இந்தக் கதையை ஒன்றிலிருந்து ஏழு வரை கேட்டார்கள். எனக்கு உலோகத் தகடு வந்த ஒழுங்கில் வந்தது. முதலில் ஏழு, பிறகு இரண்டு, பிறகு ஐந்து. ஒரு மனிதரின் வாழ்க்கையை யாரோ சீட்டுக்கட்டாகக் குலைத்து என் மேசையில் கொட்டியதுபோல. ஆனாலும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பிடித்திருந்தது. வேலை முடிந்து ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் வீட்டுக்குப் போகும் வழியில் காருக்குள் முணுமுணுத்தேன்.

3. தடிமன்

நான்காவதின் தகடு வந்த கிழமை எனக்குத் தடிமன். மூக்கடைத்தால் காதும் அடைத்துவிடும். தடிமன் பிடித்தவர் கேட்கும் அறைக்குள் போகக் கூடாது என்பதும் எங்கள் விதி.

ராகவன் அறை வாசலில் வந்து நின்றார். சென்னைப் பொறியியலாளர், எங்கள் உற்பத்தி மனேஜர். என்னைவிடப் பத்து வயது இளமை, நாள் முழுக்கக் கையில் ஒரு அட்டவணை.

"வாணி மேடம், மத்த ஆறும் நீங்க ஓகே பண்ணிட்டீங்க. இது ஒண்ணுதான் பாக்கி. வெஸ்லி வெளியூர் கிளம்பறாராம். இன்னிக்கே கூரியர்ல போகணும். என்ன பண்ணலாம்?"

ஒரு கிழமை பொறுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இது: "அனுப்புங்கோ. பாடின ஆளுக்குக் கேக்காததோ எனக்குக் கேக்கப் போகுது?"

என் பன்னிரண்டு வருடத்தில் நான் விட்ட பெரிய பிழை அந்த வாக்கியம்தான். இசை செய்கிறவரின் காதைவிட நல்ல காது கிடையாது என்று, இந்தத் தொழிலுக்குள் இருக்கிற நாங்கள் மட்டும்தான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவோம்.

இரண்டாம் நாளே ஏழு ஃபோமும் திரும்பி வந்தன. ஏழிலும் ஒப்பம். குறிப்பு எழுதும் இடம் ஏழிலும் வெறுமை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். முறைப்பாடே சொல்லாத இசைக்காரரை நான் கண்டதில்லை. பாஸ் குறைவு, குரல் பின்னுக்கு நிற்கிறது, லேபல் கோணல் என்று ஏதாவது ஒன்று வரும். வெறுமையாக வந்த ஏழு குறிப்புப் பெட்டிகளைப் பார்த்து நான் பெருமைப்பட்டேன். எங்கள் வேலை அவ்வளவு சுத்தம் என்று.

மூக்குத் திறந்ததும் எங்கள் பிரதியை எடுத்துப் போட்டேன். ஏ பக்கம் சுத்தம். பி பக்கம், மூன்றாவது பாட்டு. கிற்றார் தொடங்க ஒரு மூச்சுக்கு முன்னால் மெல்லிய விசில் ஒன்று எழுந்தது. பக்கத்து வீட்டு அடுப்பில் தண்ணீர்க் கேத்தில் கொதிக்கத் தொடங்கினதுபோல. பாட்டு முழுக்க அது போனது. வெஸ்லி தகப்பனைப் பற்றிப் பாடுகிறார், விசில். மூச்செடுக்கிறார், விசில். பாட்டு முடிந்து கிற்றார் கம்பி அடங்க, அதுவும் டக்கென்று நின்றது.

பிரஸ் ஓட்டும் குலம் அண்ணையைக் கூப்பிட்டேன். யாழ்ப்பாணத்து ஆள். முப்பது வருடமாக ஏதோ ஒரு பிரஸ்ஸோடு நிற்கிறவர்.

"அண்ணை, உதைக் கேளுங்கோ."

ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். பாட்டு முடியும் வரை அசையவில்லை.

"நல்ல பாட்டுப் பிள்ளை. ஆர் செத்தது?"

"பாட்டை விடுங்கோ. விசில் கேக்கேல்லையோ?"

"எனக்கொரு கோதாரியும் கேக்கேல்லை. உன்ர காதைக் கழட்டி மியூசியத்திலைதான் வைக்கவேணும்."

4. ஒப்பத்துக்குப் பிறகு

ராகவனுக்குக் கேட்டது. நான் விரலால் காட்டியதும் முகத்தைச் சுளித்தார்.

"ஆமா மேடம். கொசு மாதிரி. ஐயையோ, இனிமே இதேதான் கேக்கும் எனக்கு."

"மற்றப் பாட்டு ஒண்டிலும் இல்லை. எங்கட பிரஸ்ஸிலை பிழையெண்டா எல்லாத்திலயும் இருக்கும். வெஸ்லியின்ர ஆக்கள் தந்த மூலப் பதிவு, அந்த மாஸ்ரரிலையே இருக்குது."

"அப்ப நம்ம தப்பு இல்லையே."

"பிழை ஆரின்ரயா இருந்தா என்ன? போகப் போறது எங்கட பெட்டிக்குள்ளைதானே."

அவர் அட்டவணையை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். கெட்ட மனிதர் இல்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மாஸ்ரரைத் திருத்தி, புதிதாகத் தகடு வெட்டி எடுக்க எட்டுக் கிழமை போகும். கோடையில் குழு ஊர் ஊராகப் பாடப் போகிறது, பெட்டி விற்பதே அங்கேதான். பிந்தினால் வேலையை வேறு தொழிற்சாலைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. லிசனிங் ரூம்ல நீங்க இருக்கறது மெஷின் தப்பைக் கண்டுபிடிக்க. ஆர்ட்டிஸ்ட் தப்பைக் கண்டுபிடிக்க இல்ல. இந்த ஆர்டர் போச்சுன்னா நைட் ஷிஃப்டே கிடையாது. மேலிடத்துல என்னைக் கேப்பாங்க. நான் உங்களைத்தான் கைகாட்டணும். அப்புறம் நீங்க பேக்கிங்லதான் நிக்கணும்."

என்றாலும் எனக்காக வெஸ்லியின் ஆட்களுக்கு ஈமெயில் போட்டார். ஒரே வரியில் பதில் வந்தது. வெஸ்லி கேட்டுவிட்டார், திருப்தி, தொடரவும்.

எனக்கும் ஒரு சந்தேகம் கிடந்தது. அந்த விசில் பாட்டோடு பிறந்ததாக இருந்தால்? வேண்டுமென்றே வைத்ததாக இருந்தால்? முதல் அல்பத்தில் மழையை விட்டு வைத்தவர்கள்தானே. தகடு வெட்டியவரும் அப்படி நினைத்துத்தான் கைவைக்காமல் விட்டிருப்பார். சனிக்கிழமை டன்ஃபோர்த் வீதியில் பழைய இசைத்தட்டுக் கடை ஒன்றில் தேடி, அந்தக் காலத்து 'சிக்ஸ் பக்கெற்ஸ்' ஒன்று வாங்கினேன். பக்கத்தில் ஐந்தாவதும் கிடந்தது, அதையும் எடுத்தேன். திங்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு போட்டேன்.

பழைய தட்டில் விசில் இல்லை. கீறலும் பொரியலும் நிறைய, ஆனால் விசில் இல்லை. ஆக, அந்தப் பாட்டின் பழைய ரேப்பைக் கொம்பியூட்டருக்கு மாற்றும்போது ஏதோ ஒரு மெஷின் ஊதியிருக்கிறது.

கை சும்மா இருக்காமல் ஐந்தாவதையும் போட்டேன். நான்காவது முடிந்த சூட்டோடு ஐந்தாவதைக் கேட்டது அதுதான் முதற்தடவை. ட்ரம்மோடு நிற்கும் வெண்கலத் தட்டு, அந்தச் சிம்பல், அடித்ததும் தோள் குலுங்கி, கை தானாகப் போய்ச் சத்தத்தைக் குறைத்தது. ஆறு, ஏழுக்கும் நான் குறைத்துத்தான் கேட்டிருந்தேன், ஏனென்று யோசிக்காமல். இப்போது யோசித்தேன். மோட்டர் லைனில் எங்களுடன் நின்ற மேற்பார்வையாளர் ஒருவர் நினைவில் வந்தார். காது மந்தமாகத் தொடங்கியதும், ரேடியோவில் கீச்சுச் சத்தம் வரும் குமிழை வருடத்துக்கு வருடம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக்கொண்டு போனவர். நாங்கள் காதைப் பொத்துவோம். அவர் சொல்லுவார், இப்பதான் தெளிவா இருக்கு.

கண்ணாடிக் காலமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு மனிதருக்குக் கீச்சென்ற மேற்சத்தம் மெல்ல மெல்லக் கேட்காமல் போயிருக்கிறது. அவர் அதை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். மூன்று அல்பத்தில் அது எழுதிக் கிடக்கிறது. வாசிக்க ஆளில்லை.

கட்டி வந்த புட்டு அப்படியே ஆறிக் கிடந்தது.

5. வெஸ்லி வந்த நாள்

கோடைப் பயணத்துக்கு முன்னோட்டமாக, ரொறன்ரோ ஏரிக்கரையில் வெஸ்லியின் குழுவுக்குப் பாட்டுக் கச்சேரி. அதற்கு முதல்நாள் மத்தியானம் வெஸ்லி தொழிற்சாலையைப் பார்க்க வருவதாகச் செய்தி. நான்காவதின் முழு ஓட்டம் அடுத்த நாள் காலை தொடங்கவிருந்தது.

ராகவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வருவாரு, ஃபோட்டோ எடுப்பாரு, ஒரு ரெக்கார்டு அவரே பிரெஸ் பண்ணுவாரு, போயிடுவாரு. விசில் பத்தி வாயே திறக்கக் கூடாது. ப்ளீஸ் மேடம்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டார்.

எழுபது வயது மனிதர். நெடுவல். சட்டைக் கை மடித்து, வேலைக்கு வந்தவர் மாதிரியே வந்தார். குலம் அண்ணையோடு பிரஸ்ஸடியில் நின்று ஒரு தட்டு அடித்தார். சூட்டோடு அதைத் தூக்கப் போனவரின் கையை அண்ணை பட்டென்று தட்டிவிட்டார். "ஹொட், சேர்! மை வைஃப் தோசை லைக்!" வெஸ்லி சிரித்த சிரிப்பு பிரஸ் சத்தத்துக்கு மேலால் கேட்டது.

பிறகு கேட்டார்: "என்ர ஏழு தட்டையும் இருந்து கேட்டது ஆர்?" அவரோடு பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். என் மனதில் விழுந்த தமிழில் எழுதுகிறேன்.

ராகவன் என்னைக் காட்ட வேண்டியதாயிற்று. வெஸ்லி என் அறைக்குள் வந்து, மற்றக் கதிரையில் உட்கார்ந்துகொண்டார். ராகவனும் அண்ணையும் வாசலில் நின்றார்கள்.

"பாவம் நீங்கள். சம்பளம் கூட்டிக் கேட்டிருக்கலாம். எது பிடிச்சுது?"

"நாலாவது. பி பக்கம், மூண்டாவது பாட்டு."

முகம் மலர்ந்தது. "அது அப்பாவுக்கு."

"தெரியும். ஆனா உங்கட புதுத் தட்டிலை அதை முழுசாக் கேக்கேலாமக் கிடக்கு."

வாசலில் ராகவன் தொண்டையைச் செருமினார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பக்கிங் பகுதியின் சீமெந்துத் தரை என் காலுக்குக் கீழே வந்துவிட்டது போலத்தான் இருந்தது.

"அதிலை ஒரு விசில் இருக்குது," என்றேன்.

"போடுங்கோ."

போட்டேன். ஹெட்ஃபோன் இல்லாமல் ஸ்பீக்கரில். அவர் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறந்து அன்பாகத் தலையாட்டினார்.

"விசில் ஒண்டும் இல்லையே, அம்மா. சுத்தமா இருக்கு."

அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு எழும்பியிருக்கலாம். நாற்பது வருடம் மேடையில் நின்றவர் சொல்கிறார். ஒப்பம் வைத்தவர் சொல்கிறார். ஆனால் எனக்குக் கேட்டது கேட்டதுதான். இல்லாததை இருக்கிறதென்று நான் ஒருநாளும் எழுதினதில்லை, இருக்கிறதை இல்லையென்றும் எழுதினதில்லை. அதுதான் என்னிடம் இருந்த ஒரே சொத்து.

"இன்னொருக்காப் போடுறன்," என்றேன். "கண்ணை மூடாமல் என்ர விரலைப் பாருங்கோ. விசில் தொடங்க உயர்த்துவன். நிக்க இறக்குவன்."

ஊசியை வைத்தேன். வெறுமை. விரலை உயர்த்தினேன். ஒரு மூச்சுக்குப் பிறகு கிற்றார் வந்தது. அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முழுக்க விரல் நின்றது. கை நோகத் தொடங்கியது, இறக்கவில்லை. கடைசிக் கம்பி அடங்கியதும் இறக்கினேன்.

வெஸ்லி வாசலைப் பார்த்தார். "உங்களுக்கும் கேக்குதோ?"

ராகவன் கையிலிருந்த அட்டவணையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "யெஸ், சார்," என்றார். "கேக்குது."

குலம் அண்ணை தானாகவே முன்வந்து தமிழில் சொன்னார். "எனக்கும் இல்லை, சேர். முப்பது வருசம் பிரஸ். மனிசி கூப்பிடேக்க கேக்கும். ஃபயர் அலாம் அடிச்சாத்தான் கேக்கிறேல்லை."

நான் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னேன். வெஸ்லி சிரித்தார், ஆனால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. பிளேயரில் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்த தட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"எப்ப தொடங்கி?"

அவர் கேட்டது விசிலைப் பற்றி இல்லை, தன் காதைப் பற்றி என்பது எனக்கு விளங்கியது. தெரியாது என்று சொன்னால் பொய்.

"அஞ்சாவதிலை இருந்து," என்றேன். "அதிலை உங்கட சிம்பல் என்ர காதைக் குத்துது. ஆறாவதும் அப்பிடி. ஏழாவது இன்னும் மோசம். நாலாவது மட்டும் ஒரு இடமும் குத்தேல்லை. உங்களுக்குக் கேக்காமல் போகப் போக நீங்கள் கூட்டிக்கொண்டு போயிருக்கிறியள்."

சுவருக்கு அந்தப் பக்கம் பிரஸ்கள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.

"ஹாங்க் இதைத்தான் சொன்னவன்," என்றார் வெஸ்லி. "என்ர சிம்பலைக் கத்தியாக்கிப் போட்டாய் எண்டு. எனக்கு முன்னாலை நிண்டு கத்தினவன். அவனுக்கு வயசு போச்சு, புதுச் சத்தம் பிடிக்கேல்லை எண்டு நினைச்சன். வெளியாலை போ எண்டு சொன்னது நான்தான்." தொடர்ந்து சொன்னார்: "எல்லாரும் எங்களுக்குள்ளை காசுப் பிரச்சினை எண்டு நினைச்சினம். நாங்களும் விட்டிட்டம்."

பிறகு ராகவனிடம் கையை நீட்டினார். "நாலாவதின்ர ஃபோமைத் தாங்கோ."

தன் ஒப்பத்தின் மேலே ஒரு கோடு. அழுத்தித்தான் இழுத்தார்.

"சார், டூர்..." என்றார் ராகவன்.

"டூர் முடிஞ்ச பிறகும் பாட்டு இருக்கும். வேலை உங்களிட்டைதான். பயப்படாதையுங்கோ."

"அப்ப அஞ்சு, ஆறு, ஏழு? அதையும் மாத்தணுமா?"

வெஸ்லி யோசித்தார். "வேண்டாம். அதுகள் அப்பிடியே போகட்டும். அப்ப எனக்குக் கேட்டது அதுதான்." எழும்பும்போது கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். ஒரு தாளில் விலாசம் ஒன்று எழுதி என் மேசையில் வைத்தார். "புதுத் தட்டு வந்ததும் எனக்கு அனுப்பாதையுங்கோ. இதுக்கு அனுப்புங்கோ."

அவர் போன பிறகு ராகவன் அறைக்குள் வந்து, வெஸ்லி இருந்த கதிரையில் உட்கார்ந்தார்.

"நான் இல்லேன்னு சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும் மேடம்?"

"அவர் உங்களைத்தான் நம்பியிருப்பார்," என்றேன்.

6. திரும்பி வந்த ஃபோம்

எட்டுக் கிழமை என்றது பத்தாயிற்று. கோடை போனது. பெட்டி வராத கோபத்தை ரசிகர்கள் இணையத்தில் கொட்டினார்கள். மேலிடம் ராகவனைக் கூப்பிட்டு விசாரித்தது. அவர் என்னைக் கைகாட்டவில்லை. "க்வாலிட்டி இஷ்யூ, நான்தான் நிறுத்தினேன்" என்று சொல்லிவிட்டு வந்து, அதை என்னிடம் சொல்லாமலே விட்டார். குலம் அண்ணை சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

புதுத் தகடு வந்தது. தடிமன் இல்லை, ஒன்றும் இல்லை. இரண்டு நாள் எடுத்துக் கேட்டேன். மூன்றாவது பாட்டில் கிற்றாருக்கு முன்னால் இருந்தது வெறும் அறை மட்டும். ஒரு மனிதர் பாட ஆயத்தமாகும் அறை. அந்த மௌனத்தை இவ்வளவு காலமும் எவரோ மறித்து நின்றது போல இருந்தது. விலாசத்துக்கு அனுப்பினேன்.

இந்த முறை ஃபோம் வர மூன்று கிழமை ஆயிற்று. குறிப்பு எழுதும் பெட்டி நிரம்பி வழிந்து, தாளின் பின்பக்கமும் எழுதியிருந்தது. நான் அறியாத, சாய்ந்த, அவசரக் கையெழுத்து. நான்கு முறைப்பாடு. ஏ பக்கம் ட்ரம் ஒரு மயிரிழை பிந்தி நிற்கிறது, அது அந்தக் காலத்திலும் அப்படித்தான், வெஸ்லியின் பிழை. லேபலில் தன் பெயரின் எழுத்து சின்னது. பி பக்க விளிம்பு கையை அறுக்கிறது. ஏ பக்கக் கடைசிப் பாட்டில், கடைசிச் சொல்லுக்குச் சற்று முன் ஒரு டிக்.

ஒப்பம் ஹாங்க்கினுடையது. அதற்குக் கீழே வேறு கையில் ஒரு வரி: "கேட்டது அவன். நான் பக்கத்தில் இருந்தேன். வெஸ்லி."

நான் அந்த டிக்கைத் தேடினேன். முதற்தடவை கேட்கவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. மூன்றாவது தடவை, கண்ணை மூடிக்கொண்டு, மூச்சையும் பிடித்துக்கொண்டு கேட்டேன். இருந்தது. தூசியளவு டிக். பன்னிரண்டு வருடக் காதுக்குத் தப்பியிருக்கிறது. ஒரு கணம் எரிச்சல் வந்தது. பிறகு, ஏனென்று தெரியாமல், தனியறையில் இருந்து சிரித்தேன். குலம் அண்ணை எட்டிப் பார்த்து, "என்ன பிள்ளை, விசிலடிக்குதோ?" என்றார்.

டிக்கைத் திருத்தினோம். விளிம்பைத் திருத்தினோம். ட்ரம்மை விட்டுவிட்டோம்.

பெட்டி இப்போது கடைகளில் இருக்கிறது. கனமான, கறுப்புப் பெட்டி. அதன் எந்த மூலையிலும் என் பெயர் இல்லை, தேவையும் இல்லை. நான்காவதின் பி பக்கத்தில், மூன்றாவது பாட்டுக்கு முன்னால் வருகிற அந்த ஒரு மூச்சு மௌனம் என்னுடையது. அதை யார் வீட்டில் யார் கேட்டாலும் என்னைத்தான் கேட்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன். இந்தளவு பெருமை எனக்கு ஆகும்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. ஒப்பம் வந்துவிட்டதென்று காதைக் கழற்றி வைக்காதீர்கள். கேட்டதை எழுதுங்கள். எழுதியது எடுபடவில்லையென்றால், பிரஸ் ஓடத் தொடங்கமுன், அந்த ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் சொல்லுங்கள். இவ்வளவு பெரிய ஆளுக்கு இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று மட்டும் நினைக்காதீர்கள். சொன்ன ஒருவரை அவர் எப்போதோ துரத்தியிருக்கக்கூடும்.